மாமாவின் ஈசிஜியும் மனச்சோர்வு மாத்திரையும்

காட்பாடி மாமாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, சாப்பாடு இறங்காமல், தூக்கமில்லாமல், பேரனிடம்கூடப் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேலூர் வெயிலுக்கு யாருக்குமே அப்படித்தான்" என்றார் அத்தை. எனக்கு ஒப்பவில்லை. மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு அடுத்த ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது.

சரி, மாத்திரை? எல்லாம் ஒன்றில்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கலாம். சிட்டலோப்ராம் டோஸ் கூடினால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம், நீளும், துடிப்பும் தாறுமாறாகலாம்; 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராமோடு நிறுத்துவது அதனால்தான். இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் செர்ட்ராலின், மாமாவுக்கும் அதுவே. ஆனால் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும், மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அப்புறம், நன்றாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.