கிளவுஸ் போட்ட கை

தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு தாண்டி இரண்டாம் கட்டில் ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். குதிகாலில் புண். சர்க்கரை பல வருஷமாக உண்டு. பிள்ளைகள் தடுத்தும் கேட்காமல், தைப்பூசத்துக்குப் பழநி போகிற நகரத்தார் காவடியோடு ஒரு நாள் தூரமாவது நடப்பேன் என்று வெறுங்காலோடு கிளம்பியிருக்கிறார். கொப்புளம் வந்து உடைந்ததே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனவர்களுக்கு அப்படித்தான். வீட்டுக்கு வந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரத்தத் தடம் கிடப்பதைப் பேத்தி பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குமேல் காப்பித்தூளை வேறு அப்பியிருந்தார்கள். அதை உப்புநீர் விட்டு ஊறவைத்துக் கழுவி எடுக்கவே எனக்கு முதல் நாள் முழுப் பொறுமையும் போய்விட்டது.

வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் நர்ஸ் நான். சீழ் வைத்த புண் உள்ள வீட்டை அன்றைய கடைசி வீடாக வைத்துக்கொள்வேன். கட்டைப் பிரிக்கும் முன் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள், வெயில் அப்படி! பழைய கட்டை எடுத்த கிளவுஸைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, புது ஜோடி மாட்டிய பிறகே புதுப் பஞ்சைத் தொட வேண்டும். கிளவுஸ் போட்டால் கை சுத்தம் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் பெரிய ஏமாற்று. அது என் கையைக் காப்பாற்றும். ஆச்சியின் புண்ணுக்கு, கடைசியாக எதைத் தொட்டேனோ அதுதான் கணக்கு.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஒரு நாள் தப்பு செய்தேன். புண்ணைத் துடைத்து முடித்து, கட்டுத்துணியை எடுக்கப் போன நேரத்தில் பையில் போன் அடித்தது. அடுத்துக் கட்டுப் போட வேண்டிய வீட்டிலிருந்து, எப்போது வருவீர்கள் என்று. இரண்டே வார்த்தை பேசிவிட்டு அதே கையால் துணியை எடுத்தேன்.

"ஆத்தா, அந்தப் போனு பஸ்ஸுல, கடையில எல்லாம் இருந்துதானே வருது?" என்றார் ஆச்சி.

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எடுத்த துணியை வீசிவிட்டு, கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டு முழுசாக ஒரு நிமிஷம் கழுவி வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சமையலறையில் எச்சில் கரண்டியைக் குழம்புப் பாத்திரத்தில் விட்டால் விடுவாரா ஆச்சி? அவருக்கு நோய்க்கிருமி பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை, கை எங்கே போய் வருகிறது என்று பார்க்கும் கண் மட்டும் இருந்தது. எனக்குப் படிப்பு இருந்தது, அவசரமும் இருந்தது.

அடுத்த முறை நான் போனபோது சோப்பும் வெயிலில் காய்ந்த துண்டும் தயாராக இருந்தன. நான் கை கழுவும் முன்பே ஆச்சி கையை நீட்டினார். போனைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. மடியில் வைத்துக்கொண்டார். பாதி வேலையில் அது அடித்தது. பேத்தியை விட்டு அமுக்கச் சொல்லிக் காதில் வைத்தார்.

"அது கட்டுப் போடுது. அப்பறமாக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, யார் என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டார்.