பேட்டன்ட் வாங்கப் போய் பட்ட பாடு

தொண்டிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இறால் பண்ணை ஏரேட்டரும் ஐஸ் கம்பெனி மோட்டாரும்தான் பிழைப்பு. காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்ததும், இன்சுலேஷன் தாங்குகிறதா என்று 3,000 வோல்ட் டிசி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். அதற்கான டெஸ்ட் செட்டும் நானே கட்டியது. அதற்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கிய கதைதான் இது. கையில் சர்டிஃபிகேட் இருக்கிறது, ஆனால் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால், கொண்டல் என்கிற ஈரக் கீழைக்காற்று வீசும் நாளில் டெஸ்ட்டில் தேறிய மோட்டார் ஒரே வாரத்தில் புகைந்து திரும்பி வரும். இரண்டு வருடம் வார்னிஷைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான குற்றவாளி டெஸ்ட் செட் பெட்டிக்குள் இருந்தது. வெளிவரும் வோல்டேஜை அளந்து கட்டுப்படுத்த, ஆயிரம் மெகா ஓம் ரெசிஸ்டர் வரிசை ஒன்று இருக்கும். உப்பும் ஈரமும் அதன் மேல் படிந்தால் மேற்பரப்பு வழியாகக் கரண்ட் கசியும். கசியும் பாதையின் தடை 4,000 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஆயிரம் எண்ணூறாகிவிடும். ரெகுலேட்டர் ஏமாந்து வோல்டேஜைக் குறைக்கும். மீட்டர் 3,000 காட்டும், காயிலுக்குப் போவது 2,400தான். பலவீனமான காயிலும் பாஸ்.

முதலில் வரிசையைச் சுற்றி கார்டு ரிங் (guard ring), அதாவது மேற்பரப்பில் கசியும் கரண்டை ஓரங்கட்டும் வளையம், போட்டேன். பிறகு 250 மெகா ஓமில் இன்னொரு வரிசையைப் பக்கத்திலேயே வைத்தேன். அதே கசிவு பெரிய வரிசையை 20 சதவீதம் பிசகச் செய்தால், சின்னதை 6 சதவீதம்தான் பிசகச் செய்யும். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்து சப்ளை நின்றுவிடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

2021 டிசம்பரில், பெட்டியையே கேட்பார்கள் என்று நினைத்து அதை அரிசிச் சாக்கில் கட்டி சேது எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஒயரும் கெப்பாசிட்டருமாக இருந்ததைப் பார்த்த போலீஸ்காரருக்கு விளக்கிச் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிடும் போலிருந்தது. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, கிண்டி காப்புரிமை அலுவலகம் போனேன். அங்கே மரியாதையாகத்தான் சொன்னார்கள்: மாடல் வேண்டாம், விளக்கமும் படமும் போதும், ஆன்லைனிலேயே போடலாம். விசாரிக்காமல் போனது என் தப்பு. சாக்கோடு ஊர் திரும்பினேன்.

ஆன்லைனில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதை எடுத்துத் தருவதாகச் சொன்ன கடையில் இரண்டு முறை நிராகரிப்பு. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. "ரெண்டும் நான்தான் தம்பி" என்று சொன்னால் கேட்கிற இடமா அது? ஆதாரைத் திருத்தி வாங்க மூன்று வாரம் போனது. இதில் இறங்குகிறவர்கள் முதலில் உங்கள் பெயரை எல்லா அட்டையிலும் ஒத்துப் பாருங்கள்.

தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முதலில் புரொவிஷனல் என்கிற தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் என்கிற முழு விவரத்தைக் கொடுக்கலாம். புரொவிஷனலில் கார்டு ரிங்கைப் பற்றி விலாவாரியாக எழுதினேன். இரண்டாவது வரிசை அப்போது அரைகுறை யோசனை. பேனாவால் படத்தில் வரைந்து, கீழே "மதிப்பு வேறான இரண்டாவது வரிசை, ஒப்பிட்டுப் பார்க்க" என்று ஒரே வரி. போனில் ஆலோசனை சொன்ன ஒருவர், "அரைகுறையா இருக்கிறத எடுத்துருங்க, அசிங்கமா இருக்கும்" என்றார். சோம்பலில் எடுக்காமல் விட்டேன்.

2022 நடுவில் மருமகன் கடைக்கு வந்தான். "மாமா, ஒரு வீடியோ எடுத்துப் போடவா?" மூடியைத் திறந்து, இரண்டு வரிசையையும் காட்டி, விளக்கு எரிவது வரை முழுசாகப் பேசிவிட்டேன். அது நெட்டில் ஏறி ஐந்து மாதம் கழித்துத்தான் கம்ப்ளீட் போட்டேன். பிறகு சட்டத்தைப் படித்தபோது கை நடுங்கியது. விண்ணப்பத் தேதிக்கு முன் நாமே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சி மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு உண்டு. யூடியூபுக்குக் கிடையாது. ஒவ்வொரு கிளெய்முக்கும், அதாவது 'இது என்னுடையது' என்று நாம் உரிமை கோரும் ஒவ்வொரு அம்சத்துக்கும், தனித்தனியாகத் தேதி பார்ப்பார்கள். புரொவிஷனலில் இருப்பதற்குப் பழைய தேதி, இல்லாததற்குக் கம்ப்ளீட் போட்ட தேதி. அந்த ஒரு வரியும் பேனாப் படமும் இல்லையென்றால் என் வீடியோவே என் பேட்டன்டைக் கொன்றிருக்கும். ஆகவே புரொவிஷனலில் அரைகுறை யோசனையையும் கொட்டுங்கள். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க படிவம் 18, கட்டணம் 4,000. எனக்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் போடுகிறவர்களுக்கு 31 மாதம்தான்.

அதற்குப் பிறகு பேச்சு மூச்சே இல்லை. ஒருநாள் சும்மா இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால், முதல் ஆய்வறிக்கை வந்து இரண்டரை மாதம் ஆகிறது! விண்ணப்பத்தில் இருந்தது கையெழுத்து எடுத்துத் தந்த கடைக்காரரின் ஈமெயில். "மெயில் நிறைய வரும்ணே, பாக்கலை" என்றார். பதிலுக்கு மொத்தமே ஆறு மாதம். மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், அதற்குத் தனிப் பணம்.

அறிக்கையில் மூன்று வெளிநாட்டுப் பேட்டன்ட். கார்டு ரிங் என் பாட்டன் காலத்துச் சங்கதி என்று தெரிந்தது. இன்சுலேஷன் அளக்கும் மெக்கரில் கார்டு டெர்மினலைத் தினமும் தொடுகிற எனக்கே உறைக்கவில்லை பாருங்கள். முதல் கிளெய்மில், பெட்டியில் வோல்டேஜை ஏற்றிக் கொடுத்த டயோடு, கெப்பாசிட்டர் ஏணியையும் பெருமையாகச் சேர்த்திருந்தேன். 1932இல் காக்கிராஃப்ட்டும் வால்டனும் அணுவைப் பிளக்கப் பயன்படுத்திய சர்க்யூட் அது. தேடாமல் போட்டால் இப்படித்தான். பழைய பேட்டன்ட்களைத் தேட உதவும் எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் இரண்டு தளங்களும் இலவசம். வோல்டேஜ், கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டுகளுக்கான ஜி05எஃப் (G05F) என்ற வகுப்பில் ஒரு வாரம் மேய்ந்திருந்தால் பாதி எழுத்து மிச்சமாகியிருக்கும்.

மற்றதையெல்லாம் வெட்டி, மதிப்பு வேறான இரண்டு வரிசையும் ஒப்பீடும் என்று கிளெய்மைச் சுருக்கி, அந்த 20, 6 கணக்கைப் பதிலில் எழுதினேன். ஹியரிங் வீடியோ காலில். ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் கடையில் கரண்ட் போனது. போன் ஹாட்ஸ்பாட்டில் தொடர்ந்தேன். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: இரண்டாவது வரிசையிலும் அதே கசிவு இருக்குமே, பிறகு எப்படித் தெரியும்? பதினைந்து வருடம் காயில் கட்டியவனுக்கு அது அல்வா. பேசியதை 15 நாளுக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். மறுநாளே கொடுத்துவிட்டேன்.

2024 கடைசியில் கிராண்ட். சந்தோஷத்தில் பிரியாணி போட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டென்பதை மறந்துவிட்டேன். ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய். கிராண்டுக்கு முன் சேர்ந்துபோன பாக்கியை மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது கட்டினேன். இப்போது மெயில் முகவரி என்னுடையது, அலாரம் மருமகன் போனில். அந்த வீடியோவை இதுவரை 41 பேர் பார்த்திருக்கிறார்கள்.