ஒரு தவறான விடையும் 'மடிப்பு' என்ற வேர்ச்சொல்லும்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குத் தயாரானபோது, ஒரு மாதிரித் தேர்வில் 'டூப்ளிசிட்டி' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். டூப்ளிகேட்தான் தெரியுமே என்ற தைரியத்தில் 'நகல்' என்று பொருள்படும் விடையைக் குறித்தேன். சரியான விடை 'வஞ்சகம்'. நான் தமிழ் வழியில் படித்தவன். தினமும் ஐம்பது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து, வாரக் கடைசியில் பாதியை மறந்துகொண்டிருந்த காலம் அது.

அன்று மாலையே அகராதியில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தேன். லத்தீனில் 'டுவோ' என்றால் இரண்டு, 'பிளிகாரே' என்றால் மடிப்பது. இரண்டாக மடிந்தது 'டுப்ளெக்ஸ்'. அதிலிருந்து, இரட்டைத்தன்மை என்ற பொருளில் 'டுப்ளிசிடாஸ்' பிறந்தது. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. வெளியே ஒன்று, மடிப்புக்குள் வேறொன்று என்று நடப்பவரின் குணத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்கிறோமே, அந்த இரண்டகத்துக்குள்ளும் இருப்பது இரண்டுதான்! இதைக் கண்டபின் அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை.

அப்புறம் மடிப்பைப் பிடித்துக்கொண்டே போனேன். மடிப்பைப் பிரித்து வெளிப்படையாகக் காட்டுவது 'எக்ஸ்ப்ளிசிட்'. உள்ளே மடித்து வைத்தது 'இம்ப்ளிசிட்'. எல்லாவற்றையும் சேர்த்து மடித்துச் சிக்கலாக்குவது 'காம்ப்ளிகேட்'. நாம் படம் பார்க்கப் போகும் மல்டிபிளெக்ஸ், பல மடிப்பு. 'டிப்ளோமா' கிரேக்கச் சொல். இரண்டாக மடித்த ஆவணம் என்று பொருள்.

'டவுட்' என்ற சொல்லிலும் இந்த இரண்டு இருக்கிறது. மனம் இரண்டு பக்கம் இழுப்பதுதானே சந்தேகம்? அதன் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத ஒரு 'பி' வருகிறதே, அது பழைய ஆங்கில வடிவத்தில் கிடையாது. லத்தீன் மூலத்தை நினைவில் வைத்துப் பிற்காலத்தில் சேர்த்தது. காரணம் தெரிந்ததால் அந்த 'பி' எனக்கு விட்டுப்போவதே இல்லை.

ஆனால் வேர் தெரிந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். 'டூப்ளிகேஷன்' நகலெடுப்பது, 'டூவாலிட்டி' வெறும் இருமை, 'டூப்ளிசிட்டி' வஞ்சகம். மூன்றிலும் இரண்டு உண்டு, பொருள் வேறு வேறு. தேர்வில் இந்த இடத்தில்தான் மடக்குவார்கள். சட்டத்தில் இன்னொரு பயன்பாடும் உண்டு: ஒரே குற்றச்சாட்டுக்குள் இரண்டு குற்றங்களைச் சேர்த்துவிட்டால் அந்தக் குறைக்கும் டூப்ளிசிட்டி என்றே பெயர். அங்கே வஞ்சகம் எதுவும் இல்லை, பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

அதனால் ஐம்பது சொல் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேர், அதன் ஐந்தாறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். வாக்கியம் எழுத வராத சொல்லை மறுநாள் மறுபடி எடுங்கள்.