தெற்குக் கடலுக்கு மேலே என்ஜிசி 1365

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த ஜனவரி முதல் வாரத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், கடல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 46 பாகை உயரத்தில் விண்பொருள் பட்டியலில் என்ஜிசி 1365 என்று எண்ணிடப்பட்ட பட்டைச் சுருள் விண்மீன் திரள் (நடுவே விண்மீன்களாலான பட்டையும் அதன் முனைகளிலிருந்து சுருளும் கைகளும் கொண்டது) இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. சுமார் 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வெளியைப் போல இரு மடங்கு அகலத்தில் விரிந்து கிடக்கும் பெருந்திரள் அது.

1826-இல் இதை முதலில் கண்டவர் ஜேம்ஸ் டன்லப். ஸ்காட்லாந்தில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பிரிஸ்பேனுடன் ஆஸ்திரேலியா சென்ற இவர், சிட்னிக்கு அருகேயுள்ள பரமட்டாவில் தம் கையாலேயே செய்த ஒன்பது அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு தென்வானத்தைத் துழாவி, 629 பொருள்களைப் பட்டியலிட்டு 1828-இல் வெளியிட்டார். அவற்றில் ஏறக்குறைய பாதியைப் பின்வந்தவர்களால் அடையாளம் காண இயலவில்லை என்பதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பிறந்த ஊரின் வானில் இந்தத் திரள் ஒருபோதும் உதிப்பதே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த உழைப்பின் அருமை விளங்கும்.

அவர் கண்டது மங்கலான ஒளித்திட்டு மட்டுமே. நடுவே ஓடும் பட்டையைப் புகைப்படத் தகடுகள்தாம் பிற்காலத்தில் தெளிவாகக் காட்டின. அந்தப் பட்டையின் ஈர்ப்பினால் சுழற்சி வேகத்தை இழக்கும் வாயு மையத்தை நோக்கி வழிந்து, அங்கே புதிய விண்மீன்களைப் பிறப்பிப்பதுடன், சூரியனைப் போல ஏறத்தாழ 20 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கும் இரையாகிறது.

நண்பரின் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நேராகப் பார்த்தபோது எனக்கு நடுப்புள்ளி மட்டுமே தெரிந்தது. பார்வையைச் சற்றே விலக்கியதும், அதன் இருபுறமும் கிழக்கு மேற்காக ஒரு வெளிறிய கோடு நீண்டது. டெல்லியில் இது 25 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. தூசு மூட்டத்திலேயே மங்கிவிடும். குமரி மாவட்டத்துக் கரையோரப் பள்ளிகளில் ஒன்றிரண்டிலாவது ஒரு நல்ல தொலைநோக்கி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 1957, 1983, 2001, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்தத் திரளில் மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் (சூப்பர்நோவாக்கள்) காணப்பட்டன. 2012-இல் தோன்றியது, இத்தகைய தொலைநோக்கிக்கே எட்டும் அளவுக்கு ஒளிர்ந்தது.