144பி-யைக் கேலி பண்ணாதீங்க

கேரளத்து இடுக்கியில் இருக்கிற எங்கள் வண்டிப்பெரியாறு டவுனில் போன் ரேஞ்சுக்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் இறங்கினால்தான் சங்கதி தெரியும். தேயிலை மேட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு கோடு, அந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்காது. மழை மாசத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துக்கொள்ளும். “புது போனுண்ணே, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு” என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் போனை வாங்கி, வீடியோ குவாலிட்டியை யூடியூபில் இருக்கிறதிலேயே குறைச்சலான 144பி-க்கு இறக்கிக் கொடுப்பேன். இளவட்டங்கள் சிரிப்பார்கள். மங்கலான போட்டோ எதைப் பார்த்தாலும் “144பி” என்று மீம் போடுகிற கூட்டம் அது.

கணக்கைப் பாருங்கள். 144பி என்றால் படத்தின் அகலத்தில் 256, உயரத்தில் 144, மொத்தம் 36,864 புள்ளி. 1080பி-யில் இருபது லட்சத்துக்கும் மேல். வீடியோவைச் சுருக்குகிற எச்.264 என்ற முறையில் படத்தைப் பதினாறுக்குப் பதினாறு கட்டமாக வெட்டித்தான் சுருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் 144பி படம் முழுசுக்குமே 144 கட்டம்தான். குளோசப்பில் ஒரு முகம் என்றால் அது தாராளமாகப் போதும். சீரியலில் மாமியார் முறைக்கிறது நல்லாவே தெரியும். மழை, அருவி, கூட்டம் வந்தால்தான் எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடும். கிரிக்கெட்டில் பந்தைத் தேடவே வேண்டாம்.

ஆனால் சத்தம் கெடாது. யூடியூப் மாதிரி இடங்களில் இப்போது படமும் சத்தமும் தனித்தனியாகத்தான் வருகிறது. படத்தைக் குறைத்தாலும் பாட்டு பாட்டாகவே இருக்கும். 144பி-யில் சில நேரம் படத்தைவிடச் சத்தத்துக்குத்தான் டேட்டா அதிகம் போகும். ரேடியோவுக்கு ஒரு ஜன்னல் வைத்த மாதிரி.

மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுத்த காலத்தில் பழைய போன்களில் ஓடின ‘3GP’ வகை வீடியோ அப்படியில்லை. 176க்கு 144 படம், அதோடு ஏஎம்ஆர் ஆடியோ. போனில் பேசுகிற குரலுக்காக உண்டாக்கின ஏஎம்ஆரில் நாதஸ்வரத்தை ஏத்தினால் என்ன ஆகும்? ஜலதோஷம் பிடித்த மாதிரி வரும். அதையும் விடிய விடியக் கேட்ட ஜனம் நாங்கள்.

144பி எங்களைக் கைவிட்ட ஒரே இடம் படிப்பு. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, 2020 ஜூன் 1-ல் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பேரில் வகுப்பு தொடங்கியது. டிவி இருந்தவர்கள் தப்பித்தார்கள். போனில் பார்த்த லயத்துப் பிள்ளை ஒருத்தி கடை வாசலில் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பலகையில் இருந்தது 3-ஆ 8-ஆ என்று எனக்கே தெரியவில்லை. அவள் டீச்சர் வாயால் சொல்கிறதைக் கேட்டு எழுதினாள். சொல்லாமல் எழுதிப்போட்ட வரியில் மட்டும் இடம் விட்டிருந்தாள். 360பி-க்கு ஏத்தினோம், எழுத்து தெளிந்தது, வட்டம் சுத்த ஆரம்பித்தது. கடை வைஃபையைப் போட்டுக் கொடுத்தேன். அதே வருஷம் மார்ச்சில்தான் நெட்வொர்க் தாங்காது என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து மொபைலில் 480பி-க்கு மேல் கிடையாது என்று கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. டவுன்காரர்கள் புலம்பினார்கள். இங்கே அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்கு இருக்கிற எரிச்சல் வேறு. 2021-லிருந்து யூடியூப் ஆப்பில் 144 என்ற எண்ணை உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள். முதலில் ‘டேட்டா சேவர்’ மாதிரிப் பேர்கள் நிற்கும். ‘அட்வான்ஸ்டு’ என்பதைத் தட்டினால்தான் எண்கள் வரும். அதையும் போட்டால் அந்த ஒரு வீடியோவுக்குத்தான். அடுத்த பாட்டுக்கு மறுபடி முதலிலிருந்து. கொழுந்து கிள்ளிவிட்டு வருகிற அக்காவுக்கு இதை எங்கே போய்ப் பாடம் எடுக்கிறது? செட்டிங்ஸில் வீடியோ குவாலிட்டிக்குப் போய், மொபைல் நெட்வொர்க்குக்கு டேட்டா சேவரைப் போட்டு, “இனிமே இதைத் தொடாதீங்கக்கா” என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.