எஸ்டீமுக்கு டர்போ: பட்டறை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, 2025

என் மாருதி எஸ்டீம் காருக்கு டர்போ (புகையோட வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி தள்ற சாமான்) வெக்கற வேலை. இன்ஜின் பிளாக், கணபதி லேத்துல இருந்து வந்தாச்சு. சிலிண்டர 0.50 மிமீ பெருசா குடையற ஓவர்சைஸ் போரிங், உள்சுவர தேய்க்கற ஹோனிங் எல்லாம் சுத்தமா பண்ணி குடுத்திருக்காங்க, 74 மிமீ போர் இப்ப 74.5. ரிங் மாட்டற வேலைய மட்டும் விடல, அது நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஏன்னா சும்மா ஓட்டற வண்டிக்கு ரிங் முனைங்களுக்கு நடுவுல இருக்கற கேப் டர்போவுக்கு பத்தாது, பூஸ்ட் (டர்போ தள்ற காத்தழுத்தம்) ஏறினா மேல் ரிங் சூட்டுல நீண்டு ரெண்டு முனையும் முட்டிக்கும், முட்டுச்சுன்னா சிலிண்டர கீறும், இல்ல பிஸ்டன்ல ரிங் பள்ளத்துக்கு நடுவுல இருக்கற மேட்டயே (ரிங் லேண்ட்) பேத்துட்டு போயிடும். அதனால ஒவ்வொரு ரிங்கா போருக்குள்ள விட்டு, பிஸ்டன தலைகீழா வெச்சு நேரா தள்ளி, ஃபீலர் கேஜ் போட்டு பாத்து, ஒரு முனைய மட்டும் அரத்துல தேய்ச்சு கேப்ப 0.41 மிமீக்கு கொண்டு வந்தேன். மத்தியானம் சாப்பாடு போச்சு, பரவால்ல.

ஆகஸ்ட் 24

லேத் அண்ணாகூட ஒரே வாக்குவாதம். "தம்பி, காஸ்கெட் தடியா போட்டு கம்ப்ரஷன இறக்கிருங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ங்கறாரு. நான் பேப்பர்ல கணக்கு போட்டு காமிச்சேனுங்க: கம்ப்ரஷன் (சிலிண்டர்ல கலவை எத்தன மடங்கு அமுங்குதுங்கறது) 9.5ஐ 8.5 ஆக்கணும்னா ஒரு சிலிண்டருக்கு 5 சிசி கூட வேணும், அந்த 5 சிசிக்கு பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற காஸ்கெட் 1.2 மிமீ கூடுதலா தடிக்கணும். அவ்ளோ தூக்கினா பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ஸ்க்விஷ்ங்கற இறுக்கமான இடைவெளி போயிடும், கலவை நல்லா கலங்காது, நாக்கிங் (கலவை தன்னால வெடிச்சு இன்ஜின தட்டறது) குறையறதுக்காக பண்ணி நாக்கிங்க கூப்ட்டு வெச்ச மாதிரி ஆயிடும். எனக்கு வேணுங்கறது 0.4 பார் பூஸ்ட் தான். அதுக்கு ஸ்டாக் கம்ப்ரஷனே போதும், ஸ்பார்க் டைமிங்ல பாத்துக்கலாம். அண்ணா ஒத்துக்கல, ஆனா டீ வாங்கி குடுத்தாரு.

செப்டம்பர் 7

பசங்க புதுப்பேட்டைல ஒரு டீசல் வண்டி டர்போ சல்லிசா இருக்குன்னு போட்டோ அனுப்பினாங்க, வேரியபிள் வேன் (புகை போற வழிய மாத்த உள்ள திரும்பற சின்ன தகடுங்க) வேற. வேண்டாம்னுட்டேன். டீசல் புகை ஃபுல் லோடுலயும் 800 டிகிரி பக்கம்தான், பெட்ரோல்ல 950 வரை போகும், உள்ள இருக்கற அந்த சின்ன வேன் எல்லாம் அந்த சூட்டுல இறுகி நின்னுக்கும். காசு போனாலும் போகட்டும்னு பெட்ரோல் சூட்டுக்குன்னு செஞ்ச சின்ன மிட்சுபிஷி டிடி025 புதுசா வாங்கிட்டேன். கைல புடிச்சு ஷாஃப்ட ஆட்டினா பக்கவாட்டுல லேசா ஆடும், அத பாத்து தம்பி ஒருத்தன் "அண்ணா டூப்ளிகேட்டுங்க"ங்கறான். டேய், அது ஆயில் படலத்துல மிதக்கற பேரிங், ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினாதான் பயப்படணும்.

செப்டம்பர் 21

இன்ஜின் புகைய டர்போவுக்கு கொண்டு போற மேனிபோல்ட், ஆர்கான் வெல்டிங் முடிஞ்சுது. அத இன்ஜின்ல முடுக்கற 12 மிமீ ஃப்ளாஞ்ச் தகடு கூட வெல்டிங் சூட்டுல வளைஞ்சிடுச்சு, எதிர்பார்த்ததுதான், சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டு நேராக்கியாச்சு.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. லேத்துல வேலை இல்ல, பொரியும் சுண்டலும்தான். டர்போவுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டாங்க, கம்ப்ரஸர் வாய்க்குள்ள பொரி விழாம துணி கட்டி காவல் காத்தேன்.

அக்டோபர் 5

இன்னிக்கு ஆயில் லைன். மொத்த வேலைலயும் எனக்கு முக்கியம் இதுதான், ஆனா யாருமே இத பத்தி பேசமாட்டாங்க, எல்லாரும் "எத்தன பார்"னுதான் கேப்பாங்க. மேல இருந்து ஆயில் பிரஷர்ல வந்துடும், அதுல சிக்கல் இல்ல. திரும்பி போறதுக்கு பிரஷரே கிடையாது, தன் எடைல தானா வழியணும். அதுவும் நுரையோட வரும், அதனால குழாய் நல்லா அகலமா, எங்கயும் தொங்கி மேல ஏறாம, சம்ப்ல (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேல போய் சேரணும். சம்ப கழட்டி ஓட்ட போட்டு 16 மிமீ முனை வெல்டிங் வெச்சேன்.

இன்னொன்னு, டர்போ உள்ள இருக்கறது ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன வளையம். ஆயில் தேங்கி நின்னா அதால தடுக்க முடியாது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் நீலப்புகை வருதுன்னு ரெண்டு டர்போ மாத்தினான். கடைசில பாத்தா பிசிவி வால்வு (இன்ஜின் அடிப்பாகத்து புகைய திரும்ப காத்து வழிக்கு விடறது) வழியா பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள்ள, அதாவது அந்த அடிப்பாகத்துக்குள்ள போய், அந்த அழுத்தத்துல ஆயில் இறங்காம நின்னுருக்கு. நூறு ரூபா சமாச்சாரம், ஒன்வே வால்வு. என் வண்டில அது மொதல்லயே போட்டாச்சு.

அக்டோபர் 26

தீபாவளி முடிஞ்சு ஒயரிங். கம்பெனி மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தழுத்தத்த அளக்கறது) பூஸ்ட பாக்கவே பாக்காது, அதனால மெகாஸ்குவிர்ட்டும் (நாமளே டியூன் பண்ற இன்ஜின் கம்ப்யூட்டர்) 2.5 பார் சென்சாரும். இன்ஜெக்டர் பெருசு. பங்க்ல இப்ப எங்க போனாலும் இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தான், அதனால ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னு பழைய கணக்க வெச்சுட்டு உக்காந்தா ஆகாது, லாம்டால (எந்த பெட்ரோலா இருந்தாலும் சரியான கலவை 1, அதுக்கு கீழ போனா பெட்ரோல் அதிகம்) பாத்துடறது நிம்மதி. பூஸ்ட்ல 0.80. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாத்திட்டேன், எத்தனால் அத தின்னுடும்.

நவம்பர் 2

ஸ்டார்ட்! அதுக்கு முன்னாடி இன்ஜெக்டர் ஃபியூஸ புடுங்கிட்டு, டர்போ டிரெயின் பைப்ப ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, ஆயில் வர்ற வரைக்கும் வெறும் செல்ஃப் அடிச்சேன். ஆயில் வழிஞ்சுது, பைப்ப மாட்டி, ஃபியூஸ போட்டு ஒரே அடி. புதுசா வெல்டிங் பண்ண இடமெல்லாம் கொஞ்சம் புகைஞ்சு நின்னுடுச்சு. டெயில்பைப்ல நீலம் இல்ல.

நவம்பர் 23

ரிங் செட் ஆக மினரல் ஆயில்ல பூஸ்ட் ஏத்தாம ஓட்டி, அப்புறம் ஆயில் மாத்தி, இன்னிக்கு கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி ரேஸ் டிராக். ரோட்டுல இத ஓட்ட சட்டம் விடாது, அதனால ட்ரெய்லர்லதான் கொண்டு போனது. 0.4 பார்ல கம்ப்யூட்டர் பதிவு பாத்தேன்: வெளில காத்து 33 டிகிரி, டர்போல இருந்து வெளிய வர்றப்ப கிட்டத்தட்ட 80, இன்டர்கூலர் (அந்த காத்த ஆற வெக்கற ரேடியேட்டர்) தாண்டினா 45. இன்டர்கூலர் எதுக்கு, வெறும் பந்தாவுக்குன்னு சொன்னவங்க இந்த நம்பர பாக்கணும். நாக் ஒன்னும் இல்ல.

பசங்க பூஸ்ட 0.8 பார் வைங்கன்னு கத்தறாங்க. நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல, ஸ்டாக் கிளட்ச் வழுக்குது. 0.4க்கே இப்படி. நாளைக்கு பிரஷர் பிளேட் விலை விசாரிக்கணும்.