இருபத்து நாலு கேட்டேன்

மார்ச் 3, 2025

ஆடிட்டர் போன் செய்தார். "ஜிஎஸ்டி பாக்கியைக் கட்டச் சொல்லி உத்தரவு, டிஆர்சி-07 வந்திருச்சுங்க, மெயிலைப் பார்க்கலையா?" பார்க்கவில்லை. 2020-21ல் பிரிண்டிங் மை கொடுத்த கடைக்காரர் பில்லில் வரியைப் போட்டு வாங்கிக்கொண்டார். அதைக் கட்டாமல் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். அந்த பில்லை வைத்து நான் எடுத்த இன்புட், அதாவது மைக்குக் கொடுத்த வரியை என் வரியில் கழித்துக்கொண்டது, செல்லாதாம். வரி 2,40,000, வட்டி 1,72,800, அபராதம் 24,000. ஆக மொத்தம் 4,36,800. வாங்கின மைக்கு வரியை இரண்டாம் தடவை கட்ட வேண்டும்.

மார்ச் 8

சனிக்கிழமை. கூலி போட்டு முடித்ததும் கல்லாவில் ஆறாயிரம் சொச்சம். திருப்பூரில் ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் எப்போது வரும் என்று ஜோசியர்கூடச் சொல்ல மாட்டார்.

அப்பீல் போகலாமா என்று கேட்டேன். மூன்று மாதத்துக்குள், வரியில் பத்து சதவீதம் முன்னாடியே கட்டிவிட்டுப் போகலாமாம். ஆனால் சரக்கு நிஜமாகவே வந்தது என்பதற்கு லாரி ரசீது வேண்டும். பழைய பைல் மூட்டையைப் பிரித்தேன். கரையான் பாதியைப் படித்து முடித்திருந்தது.

மார்ச் 12

தவணைதான். ஜிஎஸ்டி சட்டத்தில் 80ஆவது பிரிவு. அதிகபட்சம் 24 மாதம், நிலுவை 25,000க்குக் குறைந்தால் கிடையாது. மாசாமாசம் நாமே கணக்குக் காட்டும் 3பி வரிக்கு இந்தச் சலுகை இல்லை. அது தனியாக ஓடும்.

தவணை கேட்கும் டிஆர்சி-20 படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். "தொழில் படுத்துருச்சு" என்று அடித்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி, "அப்படி எழுதாதீங்க, இவன் எங்க கட்டப்போறான்னு நெனப்பாங்க" என்றாள். தொழில் நல்லா நடக்குது என்று எழுதினால், அப்புறம் தவணை எதற்கு? ஒரு மணி நேரம் போனது. கடைசியில், வேலை இருக்கிறது, பணம் வரத் தாமதம் என்று எழுதி, வரவேண்டிய பில் பட்டியலை இணைத்தோம். 24 மாதம், மாசம் 18,200.

ஏப்ரல் 9

தவணை உத்தரவு, டிஆர்சி-21 வந்தது. 12 மாதம்தான் கொடுத்திருக்கிறார்கள். மாசம் 36,400, வட்டி தனி. ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதையும் உடனே கட்ட வேண்டும், தனி நோட்டீஸ் வராது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

மே 14

நாளைக்கு முதல் தவணை. பணத்தை மதியமே ஜிஎஸ்டி கணக்கில் போட்டாயிற்று. ராத்திரி நிலுவைக்கு நேராகக் கட்டப் போனால் இருப்பு போதவில்லை என்கிறது. பணம் போட்டேனே! பார்த்தால், முழுத்தொகையும் மத்திய வரிக் கணக்கில் கிடக்கிறது. மாநில வரிக் கட்டத்தில் சுழி.

ஆடிட்டரை எழுப்பினேன். "ஒரே வீட்டுல ஏகப்பட்ட உண்டியலுங்க. வரிக்கு ஒண்ணு, வட்டிக்கு ஒண்ணு, அபராதத்துக்கு ஒண்ணு, அதுலயும் மத்திய, மாநிலம் தனித்தனி. பிஎம்டி-09 படிவம் போட்டு மாத்துங்க." மாற்றினேன். பத்து நாற்பதுக்கு ரசீது வந்தது.

காலண்டரில் 15ஐ வீட்டுக்காரி சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அடித்துவிட்டு, 20க்கு இன்னொரு வட்டம் போட்டாள். 3பி.